இரும்புத் தொட்டிக்குள் மூன்று தீக்குச்சிகள்

அந்த இரும்புத் தொட்டியைப் பற்றி எங்கள் பக்கம் கண்டபடி பேசிக்கொள்கிறார்கள். உள்ளே போனவனின் இரத்தத்தை உறிஞ்சிவிடுவார்களாம், காது வழியாகக் கரண்டு ஏற்றுவார்களாம். இதில் பாதியைக் கிளப்பிவிட்டவன் நான்தான். ஆகவே உள்ளே என்ன நடந்தது என்பதை நானே எழுதிவிடுவதுதான் முறை. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

என் பெயர் முத்துராக்கு. திருவாடானைக்குத் தெற்கே மானாவாரிக் கிராமம். வெள்ளாமை போக மீதி நாளெல்லாம் கிணற்று வேலை. தூர் அள்ளுவேன், உள்ளே விழுந்த வாளி, குடம், ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் முங்கி எடுப்பேன். என் வீட்டுக்காரி பூமயில் மேலே நின்று கயிறு பிடிப்பாள். நெடுநாள் மூடிக்கிடந்த கிணறாக இருந்தால் முதலில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். சுடர் நின்றால் நான் இறங்குவேன். அணைந்தால் அந்தக் காற்று ஆளைக் கொல்லும் காற்று, எத்தனை ரூபாய் கொடுத்தாலும் இறங்கமாட்டேன். விளக்கு இறக்காமல் இறங்கிய என் பெரியப்பாவைப் பிணமாகத்தான் தூக்கினோம்.

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோய் மூன்றாம் வருஷம் எங்களுக்கு மழை இல்லை. அப்போது ஒரு காண்டிராக்டர், சண்டைக் காலத்தில் முங்கிப்போன சரக்குக் கப்பலிலிருந்து செம்பு எடுக்க ஆள் தேடினான். முங்குகிறவன் என்று என்னைப் பிடித்துப்போய், தலையில் செம்புக் குண்டான் மாட்டி, ரப்பர் சட்டை போட்டு, குழாய் வழியாகக் காற்று அடித்து, இருபது பாகம், அதாவது நூற்றிருபது அடி ஆழத்தில் இறக்கினார்கள். பாம்பனில் ஒரு குடிசை எடுத்து நானும் பூமயிலும் தங்கினோம். கயிறு பிடிக்கத் தங்கச்சிமடத்துச் சூசை. என்னைவிட நாலைந்து வயது இளையவன், பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைந்தவன் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம்.

மேலே வரும்போது ஒரேயடியாக வரக்கூடாது, மூன்று பாகம் ஆழத்தில் கால்மணி நேரம் தொங்கிக் கிடக்க வேண்டும் என்பது சட்டம். கிணற்றுக்காரனுக்கு இது எப்படிப் பொறுக்கும்? வேலை முடிந்தால் மேலே வா என்றுதான் என் உடம்பு பழகியிருக்கிறது. அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்தபோது, இவர்கள் என்னை மறந்துவிட்டு வெற்றிலை போடுகிறார்கள் என்று தோன்றியது. கயிற்றை நாலு தரம் வெடுக்கென்று இழுத்தேன். நாலு தரம் என்றால் 'தூக்கு' என்று அர்த்தம். சூசை தூக்கினான். பிற்பாடு கால் விழுந்தபோது, 'நான் இழுத்தால் இவன் ஏன் தூக்கினான், தூக்காமல் இருந்திருக்க வேண்டியதுதானே' என்று அவன்மேல்தான் பாய்ந்தேன். என் நியாயம் அப்படி.

சாயங்காலம் முழங்காலில் குடைச்சல், தோளில் அரிப்பு. வாயுப் பிடிப்பு என்று பூமயில் பூண்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். விடிந்து எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே என் உடம்பு எனக்குச் சொந்தமில்லை. ஒன்றுக்கு முட்டுகிறது, வரவில்லை. கால் இரண்டும் யாரோ விட்டுவிட்டுப் போன மரக்கட்டை போலப் பாயில் கிடந்தன. சூசையும் காண்டிராக்டரின் கணக்கப்பிள்ளையும் ஓடிவந்தார்கள்.

"அண்ணே, இது தண்ணிக்குள்ள வார கோளாறு. பார்ஜுல இரும்புத் தொட்டி இருக்கு, டாக்டரும் இருக்காக. வாங்க, தூக்கிட்டுப் போறோம்" என்றான் சூசை.

"தொட்டிக்குள்ள வச்சு?"

"வச்சுக் கதவ அடைச்சுக் காத்த ஏத்துவாக."

பூமயில் வாசலை மறித்து நின்றுகொண்டாள். "மேல தூக்கிக் கால முடக்குன ஆளு நீதானே? இப்ப அடைச்சு வச்சுச் சோலியவே முடிச்சுரலாம்னு வந்தியா? போலே அங்கிட்டு!"

எனக்கும் அதேதான் தோன்றியது. கெடுத்தவனே வைத்தியமும் பார்க்கிறேன் என்று வந்தால் யார் நம்புவார்கள்? ரயிலில் தூக்கிப் போட்டு இராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே நான் செய்த கூத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன வேலை என்று கேட்டார்கள். கடல் வேலை என்றால் போலீசு, கேசு என்று இழுத்துவிடுவார்கள் என்று பயந்து, "விவசாயம்" என்றேன். அவர்கள் விவசாயிக்கு வரக்கூடிய சீக்கையெல்லாம் தேடினார்கள். வராந்தா பெஞ்சில் பாதி நாள், எக்ஸ்ரே அறை வாசலில் பாதி நாள். குண்டூசியால் குத்தினார்கள், ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார்கள். முதுகுத் தண்டில் ஊசியைச் செருகி நீர் எடுத்து, அந்த இடத்தில் பஞ்சு வைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டுப் போட்டார்கள். மூத்திரத்துக்கு ரப்பர்க் குழாய்.

பூமயில் மணிக்கு ஒருதரம் என் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்ப்பாள். "தெரியுதா மச்சான்?"

"லேசாத் தெரியுது."

ஒரு மண்ணும் தெரியவில்லை. அவள் முகத்துக்காகச் சொன்ன பொய். அது பொய் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் மறுபடி மறுபடி கேட்பாள்.

மூன்றாம் நாள் ஒரு சின்ன டாக்டர் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறி உரிந்திருந்தது. "இது ஏர் பிடிக்கிற கை இல்லையே. உண்மையைச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "இங்க இதுக்கு மருந்து இல்ல. அந்தத் தொட்டிதான் மருந்து. இப்பவே ரொம்ப லேட்டு. நல்லா நடப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது, ஆனா போகலேன்னா நடக்கவே மாட்டீங்க."

ஆக, நான் பயந்து ஓடிவந்த இடத்துக்கே திரும்பினோம். பார்ஜு என்பது தட்டையான பெரிய இரும்புப் படகு, பாம்பனை ஒட்டிய குந்துகால் பக்கம் நங்கூரம் போட்டிருந்தது. அதன் மேல்தட்டில் படுத்துக் கிடந்தது தொட்டி. ஆள் நீட்டிப் படுக்க நீளம், உட்கார உயரம், வட்டக் கண்ணாடி இரண்டு, சுற்றிலும் குழாய்.

பார்ஜு டாக்டர் மெட்ராஸ்காரர், மூக்குக் கண்ணாடி, பொறுமைசாலி. கோலி சோடா ஒன்றை எடுத்துவந்து என் முன்னால் உடைத்தார். புஸ்ஸென்று பொங்கியது.

"ஆழத்துல தண்ணி உங்களை அழுத்தும். நீங்க இழுத்த காத்து அந்த அழுத்தத்துல இரத்தத்துக்குள்ள கரைஞ்சிரும். மெதுவா வந்தா மூச்சு வழியாவே போயிடும். சட்டுன்னு வந்தா இந்த மாதிரி குமிழி. உங்க முதுகு நரம்புல அந்தக் குமிழி உக்காந்திருக்கு. தொட்டிக்குள்ள காத்தை ஏத்தி அழுத்தினா குமிழி சுருங்கும். அப்புறம் மாஸ்க்ல சுத்தமான பிராணவாயு குடுப்போம். குமிழியில இருக்கிற கெட்டது வெளியேறும், செத்துக்கிட்டிருக்கிற நரம்புக்கும் மூச்சு கிடைக்கும்."

"என் ஒடம்புல ஓடுறது ரத்தமா சோடாவா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அதிலும் எனக்குச் சந்தேகம்தான். போட்டேன், வேறு என்ன செய்ய?

அதன் பிறகு நடந்ததுதான் எங்களைக் கலக்கிவிட்டது. உள்ளே போகுமுன் தலை எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்தார்கள். இடுப்புக் கட்டைத் தவிர உடம்பில் கிடந்த துணியெல்லாம் உருவிவிட்டுப் புது வெள்ளைப் பருத்தித் துணி சுற்றினார்கள். நாலு பேர் பிடித்துக் குளிப்பாட்டி, கோடித்துணி சுற்றுவது எங்கள் ஊரில் எப்போது என்று உங்களுக்குத் தெரியும்.

"பீடி, தீப்பெட்டி எதுவும் உள்ள போகக்கூடாது" என்றார் டாக்டர்.

"ஏன் சாமி?" என்றாள் அவள்.

"நெருப்புப் பிடிச்சிடும்மா."

அவர் அந்தப் பக்கம் போனதும் என் காதோடு சொன்னாள்: "எண்ணெய் இல்ல, வெறகு இல்ல, இரும்பு எப்பிடி மச்சான் தீப்புடிக்கும்? காத்து நல்ல காத்தான்னு நாம பாத்துருவோம்னுல்ல பயப்படுறாக!"

எனக்கு அது நூற்றுக்கு நூறு சரி என்று பட்டது. மூடிக்கிடக்கிற இடம், உள்ளே இருப்பது என்ன காற்று என்று சுடர்தானே சொல்லும்? விளக்குக் கொண்டுபோக முடியாது. அவள் தீப்பெட்டியின் உரசுகிற பக்கத்தைக் கிழித்து, மூன்று குச்சியோடு சேர்த்து, ஆஸ்பத்திரியில் போட்ட இடுப்புக் கட்டுக்குள் செருகிவிட்டாள். என்னைச் சோதிக்க வந்தவன் சூசை. அந்தக் கட்டைத் தொடாமல் விட்டுவிட்டான். உள்ளே என்னோடு துணைக்கு வரப்போகிறவனும் அவனே என்றார்கள். கூட ஒரு ஆள் இருந்தே ஆகவேண்டுமாம். நல்ல துணை!

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே ஏறுகிற காற்றே கதவை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றை இறக்குமுன் யானையாலும் திறக்க முடியாது. காற்றுத் திறந்ததும் ஒரே இரைச்சல். காதுக்குள் ஆணி இறங்குவது மாதிரி வலி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதவேண்டும், எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். அப்போது காது 'டப்'பென்று விடும். விடாவிட்டால் கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள். வீறாப்பு வேண்டாம். அடுத்து வேக்காடு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அடைத்தாற்போல வேர்த்துக் கொட்டும். பேச்சு மூக்கால் வரும், உங்கள் குரல் உங்களுக்கே வேற்றாள் குரலாகக் கேட்கும். அறுபது அடி ஆழத்துக்கான அழுத்தம் வந்ததும் இரைச்சல் அடங்கி, மாஸ்கைக் கட்டுவார்கள். இருபது நிமிஷம் பிராணவாயு, ஐந்து நிமிஷம் மாஸ்கைக் கழற்றிச் சும்மா காற்று, மறுபடி இருபது நிமிஷம்.

நல்ல காற்று என்றால் எதற்காக நடுவில் கழற்றுகிறார்கள்? சூசை எதற்காக வைத்த கண் வாங்காமல் என் உதட்டையே பார்க்கிறான்? பிராணவாயு அளவு மீறினால் வலிப்பு வரும், வருமுன் உதடு துடிக்கும், அதைக் கவனிக்கத்தான் ஆள் என்று பின்னால்தான் தெரிந்தது. அப்போது நான், உயிர் போகிற நேரத்தை எண்ணுகிறான் என்றே நினைத்தேன்.

இரண்டாம் முறை மாஸ்கைக் கழற்றியபோது சூசை கொட்டாவி விட்டான். கண் செருகியது. போச்சு, காற்றுக் கெட்டுவிட்டது, இவனுக்கே மயக்கம் வருகிறது என்று நினைத்தேன். கட்டுக்குள் கையை விட்டு ஒரு குச்சியை எடுத்தேன். உரசினேன். வேர்வையில் ஊறியிருந்த மருந்து குழைந்து உதிர்ந்தது, குச்சியும் முறிந்தது. இரண்டாவதை எடுத்தேன்.

அப்போதுதான் சூசை பார்த்தான். அவன் கத்தவில்லை. ஒரே தாவில் என் மேல் விழுந்து மணிக்கட்டை முறுக்கினான். என் கையிலிருந்த குச்சியையும் கட்டுக்குள் மீதியிருந்ததையும் பறித்துத் தன் வாய்க்குள் போட்டு மென்றான். உரசுகிற அட்டையையும் எச்சிலில் நனைத்துக் கசக்கினான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சுவரில் இருந்த பேச்சுக்குழாயைக் கையால் பொத்திக்கொண்டு, மூக்குக் குரலில் சொன்னான்:

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். சும்மா படுங்க."

"காத்து கெட்டுப் போச்சுலே. ஒனக்கே மயக்கம் வருது."

"எனக்கு ரெண்டு நாளா ஒறக்கம் இல்லண்ணே. வேற ஒண்ணுமில்ல."

நான் நம்பவில்லை. மாஸ்கைக் கட்டினான், கிடந்தேன். மூன்றாம் முறை முடியப்போகிற சமயம் அவன் என் காலடியில் எதையோ பார்த்துவிட்டு, "அண்ணே, ஆடுது!" என்றான். ஏமாற்றுகிறான் என்று எண்ணித் தலையைத் தூக்கிப் பார்த்தேன். வலது பெருவிரல். நான் 'ஆடு' என்று நினைத்தேன், ஆடியது. 'நில்' என்று நினைத்தேன், நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்குக்குள் அழுவது பெரிய சங்கடம்.

காற்றை இறக்கும்போது உள்ளே குளிர்ந்து பனிமூட்டம் போலப் புகையும். பயப்பட வேண்டாம், அது ஈரம்தான். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது, விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். கதவு திறந்ததும் பூமயில் என் காலைத்தான் முதலில் தொட்டாள். "தெரியுதா மச்சான்?" என்றாள். தெரிந்தது. அவள் விரல் நடுங்குவதுகூடத் தெரிந்தது.

அதற்குள் தொட்டியைத் துடைக்கப் போன டாக்டர் வெளியே வந்தார். கையில் முறிந்த குச்சி. அந்தப் பொறுமைசாலியின் முகம் வெளுத்திருந்தது.

"இது யாரோடது?"

பூமயில் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சூசை எழுந்து நின்றான். "என்னோடது ஐயா. பீடி குடிக்கிற பழக்கம். மடியில இருந்தது தெரியாம வந்துட்டேன்."

காண்டிராக்டர் பேசவேண்டியதற்கு மேலேயே பேசினான். அன்றைக்கே சூசையைப் படகில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள், இனி இந்த வேலைப் பக்கம் தலைகாட்டாதே என்று.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? நன்றி கெட்டதனம் என்பீர்கள். அது உண்மைதான், அதற்கு மேலும் உண்டு. எனக்குச் சந்தேகம். எவனாவது சும்மா பழியை ஏற்றுக்கொள்வானா? இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது. கயிற்றைத் தூக்கிய குற்றம் உறுத்தியிருக்கும். இல்லை, காண்டிராக்டரோடு சேர்ந்து நாடகம் போடுகிறான். இல்லை, பின்னால் வந்து பெரிதாக ஏதாவது கேட்பான். இப்படியே ஆறு நாள். நாளுக்கு ஒருதரம் தொட்டிக்குள் போனேன், துணைக்கு வேறு ஆள். இரண்டாம் நாள் கணுக்கால் அசைந்தது. மூன்றாம் நாள் ரப்பர்க் குழாயை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் பூமயில் தோளைப் பிடித்து நின்றேன்.

ஆறாம் நாள், இனித் தொட்டி வேண்டாம் என்றதும், டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த அழுத்தத்துல, அவ்வளவு பிராணவாயுவுல, ஒரு குச்சி பத்திக்கிட்டா துணி, முடி, தோல் எல்லாம் ஒரே நிமிஷம்தான். ரெண்டு பேரும் போயிருப்பீங்க. நாங்க கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு நிக்கிறதைத் தவிர ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அந்தக் கதவைத் திறக்க முடியாது, தெரியுமில்ல?"

பூமயில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நானே ஒங்களக் கொளுத்தப் பாத்தேனே மச்சான். நானே கொளுத்தப் பாத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சூசையைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். தூத்துக்குடியிலிருந்து வேறு ஆள் வந்துவிட்டான் என்றார்கள்.

மறுநாளே தங்கச்சிமடத்துக்குப் போனோம். கடற்கரையில் யாரோ ஒருவருடைய வள்ளத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான் சூசை. கூலிக்குத்தான். எங்களைப் பார்த்ததும் இறைப்பதை நிறுத்தினான். பூமயில் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் கூச்சப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு என் காலைப் பார்த்தான்.

"அந்தா கெடக்குற வள்ளம் வரைக்கும் நடந்துட்டு வாங்கண்ணே, பாப்போம்."

நடந்தேன். இடது கால் மணலில் கொஞ்சம் இழுத்தது, இன்றைக்கும் இழுக்கிறது. திரும்பி வந்து நேரே கேட்டேன்: "எதுக்குலே ஓந்தலையில போட்டுக்கிட்ட? நெசத்தச் சொல்லு. மனசுல என்ன வச்சிருந்த?"

இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தான்.

"ஒங்களோடதுன்னு தெரிஞ்சா மறுநா உள்ள விடுவாகளாண்ணே? ஒத்த வெரல்தானே ஆடுச்சு."

சொல்லிவிட்டு மறுபடி தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான். ஆறு நாள் படுத்துக் கிடந்து நான் கண்டுபிடித்த காரணங்களில் இது ஒன்றுதான் இல்லை.